நடுச் சீட்டில் ஒரு கால்

"வகுப்புல நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லடா, உட்கார்ந்திருந்தா…" என்று எங்கள் பெரியப்பா சொல்வார். மீதி மறந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்த முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். அது போதும் என்றும் இருந்தது.

உங்கள் பையைக் கொஞ்சம் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, நான் இந்த ஓரத்தில்தான் உட்காரப்போகிறேன். நடுச் சீட்டு என் காலுக்கு. அப்படிப் பார்க்காதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைக்கிறேன். டாக்டர் உத்தரவு. உட்கார்ந்தால் காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். தொங்கவிடக் கூடாது. தொட்டியம் வரைக்கும் இப்படித்தான். உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள், காவிரி வரும்.

கண்டக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், எனக்கு இரண்டு டிக்கெட் கொடு என்று. சிரிக்கிறான். "சார், ஆளுக்குத்தான் டிக்கெட். காலுக்கெல்லாம் கிடையாது." இப்படி ஒரு பதிலை மாலத்தீவில் எவனாவது சொல்லிவிட முடியுமா? பதினான்கு வருஷம் அங்கே ஒரு தீவில் உயிரியல் நடத்தினேன். எனக்கென்று மேசை, எனக்கென்று சுழல் நாற்காலி. அது அவர்கள் நாடு, அவர்கள் பழக்கம். நான் ஊருக்குத் திரும்பி ஐந்து வருஷம் ஆகிறது. திரும்பியவனுக்கு இங்கே என்ன மரியாதை என்று இந்தக் கண்டக்டர் சிரிப்பிலேயே தெரிகிறது.

பேன்ட்டை ஏற்றிக் காட்டட்டுமா? வேண்டாமா? சரி, பயப்படாதீர்கள். கணுக்காலில் நீல மையைக் கிறுக்கியதுபோல ஆரம்பித்தது. சிலந்தி கால் பரப்பினது மாதிரி மெல்லிசு மெல்லிசாக. பிறகு கெண்டைக்காலில் ஒன்று புடைத்தது. இப்போது மண்புழுவைத் தோலுக்குள் விட்டதுபோல முட்டி வரைக்கும் வளைந்து வளைந்து ஏறுகிறது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள். நரம்பு இல்லை, சிரை. காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேலே ஏற வேண்டும் இல்லையா, அதற்கு வழி நெடுக ஒருவழிக் கதவுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து பிழிந்து மேலே தள்ளும். அசையாமல் நின்றால் தசை சும்மா இருக்கும், ரத்தம் கீழே தேங்கும், கதவு தளர்ந்துவிடும், குழாய் புடைக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி. எத்தனையோ தடவை பலகையில் படம் வரைந்து நடத்தியிருக்கிறேன். அது பாடம். பள்ளிக்கூடம் நடத்துவது வேறு.

பள்ளிக்கூடம் நடத்துவதுதான் என் வேலை. தொட்டியத்துக்குப் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி, பெயர் வேண்டாம். தாளாளர் கருப்பண்ணன். முன்பு முட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது கல்வித் தந்தை. நான் அங்கே ஒருங்கிணைப்பாளர். நாவுக்கரசு சார் என்றால் தெரியும். நான் வாசலில் நுழைந்தால் மூன்றாவது மாடி வரைக்கும் சத்தம் அடங்கும். அடங்கியது. இப்போது எப்படியோ.

நான் சேர்ந்தபோது அந்தப் பள்ளியைப் பார்க்க வேண்டுமே! எட்டிப் பார்க்கிற வகுப்பில் எல்லாம் ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். திருத்துகிறேன் என்று உட்கார்வது, தலைவலி என்று உட்கார்வது. பிள்ளைகள் பின்வரிசையில் பல்லாங்குழி ஆடாத குறை. அப்போதுதான் பெரியப்பா நினைவுக்கு வந்தார். பஞ்சாயத்துப் பள்ளியில் நாற்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். சுற்றறிக்கை எழுதினேன். பதினோரு நாள் எழுதினேன் ஐயா. தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஒரு சொல்லை வெட்டிவிட்டு ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். "'வகுப்பில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை' என்றார் நாற்பதாண்டு பணியாற்றிய தலைமையாசிரியர் ஒருவர்" என்று ஆரம்பம். "உட்கார்ந்த ஆசிரியர், இல்லாத ஆசிரியர்" என்று முடிவு. எப்படி இருக்கிறது? நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். கருப்பண்ணன் படித்துவிட்டு, "சார், இதுக்கு நான் ஒரு ஃபிரேம் போட்டு மாட்டணும்" என்றார். அன்றைக்கு அப்படிச் சொன்ன மனிதர்தான்.

மறுநாள் காலை வகுப்பறை நாற்காலிகள் அத்தனையும் மொட்டை மாடி அறைக்குப் போயின. சாவி என்னிடம்.

பிறகு பாருங்கள் இவர்கள் சாமர்த்தியத்தை. ஒரு சமூக அறிவியல் வாத்தியார் ஜன்னல் திண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்காரவில்லை சார், காற்று வாங்குகிறேன் என்கிறார். இன்னொரு மிஸ் கடைசி பெஞ்சில் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதுபோல நுழைந்து உட்கார்ந்துவிடும். ஒருத்தி முழங்கால் போட்டுக்கொண்டு நோட்டுத் திருத்தினாள். நானே கண்ணால் பார்த்தேன். இவர்களைப் பிடிக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வராந்தாவில் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஏழு மணி நேரம். என் காலுக்கு இது வந்ததற்கு யார் காரணம் என்று இப்போது சொல்லுங்கள்.

ஏம்மா, இங்கே இடம் இல்லை. பார்த்தால் தெரியவில்லை? கால் இருக்கிறது. குணசீலத்தில் ஏறிவிட்டு முசிறியில் இறங்குகிறவர்கள் நிறையப் பேர், அங்கே காலியாகும். அதுவரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்த்தீர்களா, என்னை எப்படி முறைத்துவிட்டுப் போகிறாள். ஒரு அரை மணி நேரம் நின்றால் என்ன ஆகிவிடும்?

எங்கே விட்டேன்? டாக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் டாக்டர். சின்னப் பெண், வயதுக்கு என் மாணவியாக இருந்திருக்கலாம். என்னை நிற்க வைத்தே ஸ்கேன் எடுக்கிறாள். "நில்லுங்க சார். நின்னாத்தான் எந்தக் கதவு ஒழுகுதுன்னு தெரியும்." பிறகு நான் பையில் கொண்டுபோயிருந்த சாக்ஸைப் பார்த்தாள். முட்டி வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ், ஊரில் மெடிக்கல் கடையில் நானே கேட்டு வாங்கியது.

"இதை எப்ப சார் போடுவீங்க?"

"இரவு படுக்கும்போது."

"காலையில?"

"கழற்றிவிடுவேன். பேன்ட்டுக்குள் புழுங்குகிறது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் ஐயா, என் முன்னால். "தலைகீழா பண்ணியிருக்கீங்க சார். காலையில கட்டில்ல இருந்து காலைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி போடணும், ராத்திரி கழட்டணும். படுத்திருக்கிற காலுக்கு எதுக்கு இது? அப்புறம், மேல மடிச்ச தடம் இருக்கு பாருங்க, நீளமா இருக்குன்னு மடிச்சு விட்டா அது கயிறு கட்டின மாதிரி. கீழ இன்னும் தேங்கும்."

கயிறு என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மெல்லிய நீலக் கோடுகளுக்கு ஊசி போதுமாம். பெரியதற்கு உள்ளே மெல்லிய கம்பியை விட்டு லேசரால் சுட்டு அடைத்துவிடுவார்களாம். காலையில் வந்தால் சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்றாள். அதோடு சும்மா இருந்தாளா? உபதேசம். "நடங்க சார், நல்லா நடங்க. ஒரே இடத்துல நிக்காதீங்க. நிக்கத்தான் வேணும்னா குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. வீட்டுக்குப் போனா படுத்துக்கிட்டு காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. எடையைக் குறைங்க. ஆமா, என்ன வேலை பார்க்கிறீங்க?"

பள்ளி என்றேன்.

"உட்கார்ந்துக்கிட்டு பாடம் எடுக்கக் கூடாதா?"

அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டாள். ஏனென்றால் அவளிடம்தான் தமயந்தியும் போகிறாள்.

தமயந்தி மிஸ். எட்டாம் வகுப்பு கணக்கு. நல்லாசிரியை, இல்லை என்று சொல்லவில்லை. அவள் வகுப்பில் சத்தம் வராது. ஆனால் வாய். ஜூலை மாதம் ஒரு நாள் என் அறைக்கு வந்தாள், கையில் டாக்டர் சீட்டு. காலில் சிரைப் புடைப்பு இருக்கிறது, உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதிக்கவும் என்று இந்த டாக்டர்தான் எழுதியிருந்தாள்.

"ஒரு ஸ்டூல் போதும் சார். நாற்காலிகூட வேணாம். எழுதும்போது நின்னுக்கறேன்."

"உங்களுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் சீட்டுக் கொண்டுவருவார்கள்."

"வரட்டுமே சார். வலிக்கிறவங்கதானே வருவாங்க."

வாய் என்று சொன்னேன் இல்லையா? சீட்டை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "சார், கேட்கக் கூடாதுன்னு பார்த்தேன். உங்களுக்கும் இடது காலா?"

என் பேன்ட் தரையைத் தொடும். யாருக்கும் தெரியாது. என் மனைவிக்கே நான் சொல்லவில்லை. இவள் என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். மேலதிகாரியின் காலைக் கவனிப்பது என்ன பழக்கம்? "திருச்சியில ஒரு நல்ல டாக்டரம்மா இருக்காங்க சார்" என்று முகவரி வேறு சொன்னாள். சீட்டின் மேல் சிவப்பு மையில் 'அனுமதி இல்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சுற்றறிக்கைக் கோப்பிலேயே வைத்தேன். முகவரியை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான்காவது பாடவேளை. நான் எட்டாம் வகுப்பு ஜன்னலில் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். முன்வரிசையில் ஒரு பெண், "மிஸ், உங்க காலு" என்றது. புடவை ஓரம் நனைந்து செருப்பு வழுக்குகிறது. கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த இடம் உடைந்து ரத்தம், சும்மா கசிவு இல்லை, பீய்ச்சி அடிக்கிறது. பிள்ளைகள் அலறுகின்றன. நான் ஓடினேன். நான்தான் முதலில் ஓடினேன் என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பையனின் கழுத்து டையை உருவி, முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். தேசிய மாணவர் படையில் கற்றுக்கொடுத்ததுதான், பாம்பு கடித்தால் எங்கள் ஊரில் செய்வதுதான். "நடங்க மிஸ், வேன் நிக்குது, நடங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வராந்தா முழுக்கக் கொட்டியது. கட்டக் கட்ட அதிகம்தான் ஆனது. இன்னொரு டை கேட்டேன். அவள் முகம் வெள்ளையாகிக்கொண்டு போகிறது.

அப்போது ஆயா பாப்பாத்தி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் என் கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டாள் ஐயா!

"விடுங்க சார்! அவிழ்த்து விடுங்க அதை! கட்டினா இன்னும் கொப்புளிக்கும். படுக்க வைங்க."

"நீ போய் உன் வேலையைப் பார்."

"என் வேலை அப்புறம் பார்க்கறேன், கழுவறதுக்கு நீங்க நிறைய வச்சிருக்கீங்க. ஏ புள்ளைகளா, பிடிங்கடா மிஸ்ஸை."

வராந்தாத் தரையில் அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, டையை அவிழ்த்துத் தூக்கி எறிந்தாள். முந்தானையைச் சுருட்டி உடைந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். காலைத் தூக்கி வைக்க அந்தத் தளத்தில் ஒரு நாற்காலி இல்லை. தன் தோளிலேயே வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் இருக்கும். நின்றுவிட்டது.

அவள் அக்காளுக்கு இப்படி ஆகி, பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தாளாம். அது தற்செயல். ஆனால் தூக்கிய கால், அழுத்திய விரல், கட்டாத கயிறு, இதுதான் சரி என்று இந்த டாக்டரும் தமயந்தியிடம் சொல்லிவிட்டாள். இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் அது, மேலே கட்டினால் போக வழியில்லாமல் ஓட்டை வழியாகத்தானே வரும் என்றாளாம். எனக்குத் தெரியாதா? ஐந்து மதிப்பெண் கேள்வி என்று உங்களுக்கே சொன்னேன் அல்லவா? கையில் சாக்பீஸ் இருந்தால் நினைவுக்கு வந்திருக்கும்.

அன்று முதல் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஆயாவுக்கு வணக்கம் வைக்கின்றன. எனக்கும் வைக்கின்றன, வித்தியாசம் தெரிகிறது.

என்ன கண்டக்டர், மறுபடியும்? முசிறி வந்துவிட்டதா? வரட்டும். அந்தம்மாளுக்குக் கூட்டத்தில் இடம் கிடைக்கவில்லையென்றால் நான் என்ன செய்ய முடியும்? காலுக்கு டிக்கெட் கேட்டபோது நீங்கள்தானே சிரித்தீர்கள்? "நோயாளின்னு சொல்றீங்க, சத்தம் மட்டும் டிரைவர் வரைக்கும் கேக்குது" என்கிறான். கேட்டீர்களா? எழுதிப் போடுவேன் இவன் மேல்.

சொல்லி முடித்துவிடுகிறேன், என் ஊர் வரப்போகிறது.

தமயந்திக்கு ஆபரேஷன் நடந்தது. உடைந்த இடம் புண்ணாகி இன்னும் ஆறவில்லை. இரண்டு மாதமாக வீடு. கருப்பண்ணன் என்ன செய்தார்? தகவல் இல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லி அவளை நீக்கிவிட்டார். புருஷன் இல்லாதவள், பத்தாவது படிக்கிற பெண் ஒன்று இருக்கிறது. தமயந்தி தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். நாற்காலியை எடுத்துவிட்டு நாள் முழுக்க நிற்க வைத்தார்கள், அப்படி ஒரு சுற்றறிக்கையே இருந்தது, வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று. திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

ஆனால் சுற்றறிக்கை அவள் கையில் இல்லை. யார் கையிலும் இல்லை. கைப்பேசியை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அதுவும் நான் கொண்டுவந்த ஒழுங்கு. சுற்றறிக்கையை வாசித்துக் காட்டுவோம், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவோம், தாளைத் திருப்பி எடுத்துக்கொள்வோம். இப்போது அந்தப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டதாம். நாற்காலிகள் ஒரே ராத்திரியில் இறங்கி வகுப்புக்கு வந்துவிட்டன. புகைப்படம்கூட எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மிஸ் சிரித்துக்கொண்டு.

நேற்று கருப்பண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். இதோ, இந்தச் சட்டைப் பையில்தான் இருக்கிறது. இப்பள்ளியில் அப்படியொரு சுற்றறிக்கை எக்காலத்திலும் வெளியிடப்படவில்லை என்று ஒருங்கிணைப்பாளராகிய நான் உறுதி கூறுகிறேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"அந்தம்மா பேப்பரு பேப்பருங்குது. அப்படியே எவனாவது காட்டினாலும், ஆபீஸ் கிளார்க் ஏதோ கிறுக்கினதுன்னு சொல்லிடலாம் சார். அதுல என்ன பெரிசா இருந்துச்சு?"

கிளார்க் கிறுக்கினது.

பதினோரு நாள் ஐயா. ஃபிரேம் போடுகிறேன் என்று சொன்ன வாய். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "திங்கக்கிழமை காலையில கொடுத்துருங்க சார். உங்க காலுக்கும் வைத்தியம் பண்ணிக்கிடலாம், பள்ளிக்கூடம் பார்த்துக்கும்" என்றார். என் காலைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது போல.

இன்றைக்கு இந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள் நுழைகிறேன், அவள் உட்கார்ந்திருக்கிறாள். தமயந்தி. எதிர் நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். சடக்கென்று காலை இறக்கி எழுந்து நின்றுவிட்டாள்.

"வணக்கம் சார்."

நான் தலையசைத்தேன். கூடம் நிறைய ஆட்கள், காலியாக இருந்தது அவள் காலை எடுத்த நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்கார்வது? அவள் நின்றாள். பின்னால் அவள் நாற்காலி இருக்கிறது, உட்கார வேண்டியதுதானே? உட்காரவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மூன்று வருஷமாக என் முன்னால் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பத்து நிமிஷம், கால் மணி நேரம் இருக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வந்து கத்தினாள். "தமயந்தி மேடம்! எதுக்கு நிக்கறீங்க? கட்டு நனைஞ்சிருச்சு பாருங்க!"

அவள் குனிந்து பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்க சார் வந்திருக்காங்க."

"சார் வந்தா?" என்றாள் நர்ஸ். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னமோ நான் பிடித்து நிற்க வைத்த மாதிரி. நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? நீங்களே சொல்லுங்கள்.

அங்கேயே கட்டைப் பிரித்தார்கள். அந்த வாடை இருக்கிறதே, மருந்தும் சீழும் கலந்த வாடை. அது எனக்குத் தெரிந்த வாடை. பெரியப்பா எப்போதும் வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இறக்கித்தான் கட்டுவார். கௌரவத்துக்கு என்றுதான் ஊரில் நினைத்தார்கள். சாயங்காலம் பெரியம்மா வெந்நீரோடு வருவாள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரு நாள் நான் உள்ளே இருந்துவிட்டேன். கணுக்காலைச் சுற்றிக் கறுத்துப்போய், ஒரு ரூபாய் அளவுக்குப் புண். சர்க்கரை வியாதி என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்த மனிதர். அந்தக் காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு அப்போதுதான் சொன்னார். வகுப்புல நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லடா. உட்கார்ந்திருந்தா இந்தக் கால் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இப்படித்தான் முடிந்தது அந்த வாக்கியம். வலியில் சொன்னது. வலியில் ஒரு மனிதன் சொல்வதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. சுற்றறிக்கையில் சேர்க்கிற மாதிரியான வாக்கியமும் இல்லை அது.

தமயந்தி போகும்போது என் பக்கத்தில் வந்தாள். விசாரணையைப் பற்றிக் கேட்பாள், அழுவாள், திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "லேசருக்குப் பயப்படாதீங்க சார், ஊசி போடறப்ப மட்டும்தான் சுருக்குன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்காது.

தொட்டியம் வந்துவிட்டது. கொஞ்சம் வழி விடுங்கள், செருப்பு எங்கே போயிற்று. நீங்கள் இவ்வளவு நேரம் வாயே திறக்கவில்லை, நல்ல மனிதர்தான். ஏம்மா, உங்களைத்தான். இங்கே வாருங்கள். அட, வந்து உட்காருங்கள். குணசீலத்திலிருந்து நிற்கிறீர்கள். கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளுங்கள், இவர் பையை மடியில்தான் வைத்திருக்கிறார்.

அந்தச் சுற்றறிக்கைக் கோப்பு என் வீட்டில் பீரோவில் இருக்கிறது. மேலே என் கையெழுத்தில் சுற்றறிக்கையின் மூலப்படி, வெட்டும் திருத்தமுமாக. அதற்குக் கீழே அவளுடைய டாக்டர் சீட்டு, சிவப்பு மையில் நான் எழுதியதோடு. பையில் இருக்கிற கடிதத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.